கரப்பானுக்கு ஜெல் இருக்கு, உண்ணிக்கு ஏன் இல்ல?

மடிப்பாக்கத்துல தனி வீடு, ரெண்டு நாய், ஒரு பூனை, சுவரெல்லாம் உண்ணி ஏறுது, பெஸ்ட் கண்ட்ரோல் ஆளுங்க மூணு தடவை வந்து அடிச்சிட்டுப் போயும் ஒரு மாசத்துல திரும்ப வந்துடுது, "வாசனை காட்டி வரவழைச்சு கொல்ற மருந்து" ஒன்னு ஆராய்ச்சில இருக்காமே அது சென்னைல எங்க கிடைக்கும், கரப்பானுக்கு ஜெல் வைக்கிற மாதிரி இதுக்கு ஏன் இன்னும் எதுவும் வரலன்னு கேட்டிருந்தீங்க.

கடைல கிடைக்காது, அதை முதல்லயே சொல்லிடறேன், பாரிமுனை முழுக்க அலைஞ்சு தேடாதீங்க. ஆனா ஏன் கிடைக்கலங்கிறது நல்ல கதை, அதுல நம்ம வேப்பேரி கால்நடை காலேஜுக்கும் ஒரு பங்கு இருக்கு. நான் கால்நடை டாக்டர், மேல்படிப்பு ஒட்டுண்ணி பத்தி தான், இப்ப பெரம்பூர் பக்கம் சின்னதா கிளினிக் வச்சிருக்கேன், சித்திரை பொறந்துட்டா டேபிள் மேல எந்த நாயை ஏத்தினாலும் மொதல்ல காதை மடக்கி உள்ள பாக்கறது தான் வேலை. அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கரப்பான் ஜெல்லோட ஒப்பிட்டீங்க இல்ல, மேட்டரே அங்க தான் இருக்கு. கரப்பான் எதையும் திங்கும், ஜெல்லை திங்கும், போய் சாகும், செத்ததை இன்னொன்னு திங்கும், அதுவும் சாகும். கொசுவுக்கு கூட சர்க்கரைத் தண்ணில விஷம் கலந்து வைக்கிற முறை இருக்கு, ஏன்னா கொசு ரத்தம் மட்டும் குடிக்கறதில்ல, பூந்தேனும் குடிக்கும். உண்ணி அப்படி இல்ல, முட்டைல இருந்து வெளிய வந்ததுல இருந்து சாகற வரைக்கும் ரத்தம், ரத்தம், ரத்தம் தான், அதுவும் உயிரோட இருக்கற உடம்புல வாயைக் குத்தி தான் குடிக்கும், கிண்ணத்துல ஊத்தி வச்சா சீண்டாது. மடியிலயே தொங்கினாலும் உண்ணிக்கு பால் வேணாம்னு எங்க பாட்டி சொல்லும், அந்த மாதிரி. ஆக பொறில வச்சு வயித்துக்குள்ள விஷம் அனுப்புற வழி மூடிப்போச்சு, மேல் தோல்ல பட்டு கொல்றது மட்டும் தான் மிச்சம். அதுக்கு உண்ணி தானா நடந்து வந்து மருந்து மேல ஏறணும், ஏறினா மட்டும் போதாது, கொஞ்ச நேரம் அங்கயே உக்காரணும். இந்த "உக்கார வைக்கிறது" தான் பெரும் பாடு.

உங்க வீட்டுல இருக்கறது அநேகமா பழுப்பு நாய் உண்ணி, ரைபிசெஃபாலஸ் சாங்வினியஸ்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வந்தாங்க, இப்ப நம்ம மாதிரி வெப்ப நாடுகள்ல இருக்கற வகையைத் தனியா பிரிச்சு லின்னேயினு பேர் வச்சிருக்காங்க. இது பூச்சியே இல்ல, சிலந்தி, தேள் சொந்தம், வளந்ததுக்கு எட்டு கால், குஞ்சுக்கு மட்டும் ஆறு. நாய் மேல ஏறி ரத்தம் குடிக்கும், கீழ விழும், தோல் உரிக்கும், திரும்ப ஏறும், இப்படி மூணு தடவை. கடைசில குடிச்சு ஊதிப்போன பொட்டை ஆமணக்கு விதை சைஸுக்கு சாம்பல் கலர்ல இருக்கும் (ஆமணக்குக்கு ரிசினஸ்னு அறிவியல் பேர், லத்தீன்ல அந்த வார்த்தைக்கு உண்ணினு அர்த்தம், ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா ஏன்னு புரியும்). அது நாயை விட்டு இறங்கி சுவத்துல ஏறி, ஸ்விட்ச் போர்டு பின்னாடியோ, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற கீறல்லயோ போய் 4000 முட்டை வரைக்கும் போட்டுட்டு செத்துப்போகும். நீங்க பாக்கற உண்ணி கொஞ்சம், பாக்காத உண்ணி தான் நிறைய. சாப்பாடு இல்லாம மாசக்கணக்குல தாங்கும் வேற. ஸ்ப்ரே அடிக்கறவர் தரையையும் சுவத்தையும் நனைச்சிட்டுப் போயிடறார், கீறலுக்குள்ள இருக்கறவங்க நிம்மதியா இருக்காங்க, ஒரு மாசம் கழிச்சு இறங்கி வர்றாங்க. மூணு தடவை பணம் கொடுத்த உங்க வயித்தெரிச்சல் புரியுது, ஆனா அவர் ஏமாத்தினாருன்னு சொல்ல மாட்டேன், முறையே அவ்வளவு தான்.

சரி, தேடிப்போக முடியாதுன்னா வரவழைப்போம், இது தான் ஆராய்ச்சிக்காரங்க யோசிச்சது. உண்ணிக்கு மூக்கு கிடையாது, முன்னங்கால் ரெண்டோட நுனிலயும் ஒரு சின்னக் குழி இருக்கும், ஹாலர் உறுப்புனு பேர், அது தான் மூக்கு. சுவத்துல ஒரு பசி எடுத்த உண்ணி பக்கத்துல போய் மெதுவா வாயால ஊதிப் பாருங்க, ஒரு செகண்ட் அப்படியே நிக்கும், அப்புறம் முன்னங்கால் ரெண்டையும் தூக்கி, சாமி வந்தவங்க கையைத் தூக்கற மாதிரி, காத்துல ஆட்டும். நீங்க விட்ட மூச்சுல இருக்கற கார்பன் டை ஆக்சைடையும் சூட்டையும் அது அப்ப மோந்து பாக்குது. அமெரிக்காவுல உலர் பனிக்கட்டியை, அதாவது டிரை ஐஸை, ஒரு வெள்ளைத் துணி நடுவுல வச்சு உண்ணி பிடிக்கறது பழைய பழக்கம், லோன் ஸ்டார்னு ஒரு உண்ணி இருக்கு, அது டிரை ஐஸைப் பாத்தா ஓடி வரும். அதே ஊர்ல லைம் நோய் பரப்புற கருங்கால் உண்ணி அவ்வளவா அசையாது, புல் நுனில உக்காந்து யாராவது வந்து உரசட்டும்னு காத்திருக்கற ஜாதி. ஆக ஒரு உண்ணிக்கு வேலை செய்யற தூண்டில் இன்னொன்னுக்கு செய்யாது, ஒரே டப்பாவுல எல்லா உண்ணியையும் பிடிக்கற மருந்து வராததுக்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம நாய் உண்ணி கார்பன் டை ஆக்சைடுக்கு வரும். அதை நம்பி நானே ஒரு தடவை செஞ்சு பாத்தேன், படிச்சு முடிச்ச புதுசு, எல்லாம் தெரியும்ங்கற மெதப்பு. அம்மா வீட்டு மொட்டை மாடி ஷெட்டுல உண்ணி ஜாஸ்தி. ஒரு ரெண்டு லிட்டர் பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணி, சர்க்கரை, பேக்கரில வாங்கின ஈஸ்ட், மூடில ஓட்டை போட்டு டியூப் சொருகி, டியூப் வாயை பழைய வேட்டித் துண்டு நடுவுல விட்டு, துண்டோட ஓரத்துல சுத்தி ரெண்டு பக்கமும் ஒட்டற டேப். நுரை பொங்க ஆரம்பிச்சுது, நானும் ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். முதல் முக்கா மணி நேரம் ஒன்னும் இல்ல, அப்புறம் ஒன்னு வந்துச்சு, நேரா வரல, வளைஞ்சு வளைஞ்சு, நடுவுல நின்னு காலைத் தூக்கி மோந்துட்டு, டேப் கிட்ட வந்து நின்னு, திரும்பிப் போயிடுச்சு. மூணு மணி நேரத்துல டேப்ல ஒட்டினது நாலு. எங்க நாய் மணி ஆறடி தள்ளி நல்லா கால் நீட்டி தூங்கிட்டு இருந்தான், அவனைத் தூக்கி சீவிப் பாத்தா புதுசா ஏறினது மட்டும் பதினொன்னு. அம்மா மேல வந்து பாத்துட்டு "சர்க்கரை விக்கற விலைல இது வேறயா"ன்னுட்டு பாட்டிலை எடுத்து சாக்கடைல ஊத்திட்டாங்க.

அன்னைக்கு உறைச்சது தான் இந்த மொத்த பதிலோட சாரமும். இழுக்கறது கஷ்டம் இல்ல, கொல்றதும் கஷ்டம் இல்ல, பக்கத்துல நிஜ நாய் ஒன்னு படுத்திருக்கும்போது அதை விட நல்ல நாயா ஒரு டப்பாவை நடிக்க வைக்கறது தான் கஷ்டம். நாய் மூச்சு விடும், சூடா இருக்கும், அசையும், வேர்வை நாத்தம், காது அழுக்கு நாத்தம் எல்லாம் சேந்து அடிக்கும். டப்பா ஒன்னே ஒன்னு தான் செய்யும்.

அதனால புத்திசாலிங்க என்ன பண்ணாங்கன்னா, நாயோட வாசனையை விட்டுட்டு உண்ணியோட சொந்த வாசனைக்குப் போனாங்க. இனக்கவர்ச்சிப் பொறினு பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புல சிவப்புக் கூன்வண்டுக்கு பக்கெட் தொங்கவிட்டிருப்பாங்களே, அந்த கான்செப்ட். உண்ணிக்கு மூணு விதமான வாசனை உண்டு, மூணும் வேற வேற வேலை.

முதலாவது, ஆப்பிரிக்கா கதை. அங்க ஆம்ப்ளியோமானு அழகான கலர் உண்ணி, மாட்டுக்கு ஹார்ட்வாட்டர்னு ஒரு கொடுமையான நோயைப் பரப்பும். அதுல ஆண் உண்ணி மொதல்ல போய் மாட்டுல ஒட்டி சில நாள் ரத்தம் குடிச்சதும் "இந்த மாடு சேஃப், வாங்க"ன்னு ஒரு வாசனை விடும், மத்ததெல்லாம் அந்த மாட்டையே தேடி வந்து அந்த ஆணைச் சுத்தியே ஒட்டும். வாசனைல இருக்கற முக்கிய சரக்குல ஒன்னு மெதில் சாலிசிலேட். அது என்னனு கேக்காதீங்க, ஊட்டி போனா யூகலிப்டஸ் தைலம் பக்கத்துல விண்டர்கிரீன் தைலம்னு விப்பானே, முட்டி வலிக்குத் தேய்க்கற தைலத்துல மூக்கைத் துளைக்குமே, அதே தான். 1990-கள்ல ஜிம்பாப்வேல இந்த வாசனைக் கலவையையும் உண்ணிக்கொல்லியையும் பிளாஸ்டிக்ல கலந்து ஒரு பட்டை செஞ்சு மாட்டு வால்ல கட்டினாங்க. வால் பின்பக்கம் பூரா தடவிட்டே இருக்கும், உண்ணி வாசனைக்கு வந்து வால் பக்கமா ஒட்டப் போகும், மருந்து பட்டு சாகும். மூணு மாசம் வரைக்கும் நல்லாவே வேலை செஞ்சுது. இந்த துறைல "ஆஹா"ன்னு சொல்ற மாதிரி இருந்த ரிசல்ட் இது தான்னு நான் நினைக்கறேன். ஏன் அங்க ஜெயிச்சுதுன்னு பாருங்க, அது மாட்டோட போட்டி போடல, மாட்டு மேலயே உக்காந்து மாட்டோட கூட்டணி வச்சுக்கிச்சு. ஆனா அந்த ஆப்பிரிக்க உண்ணி நம்ம ஊர்ல இல்ல, அந்த வாசனை நம்ம நாய் உண்ணிக்கு அழைப்பிதழ் இல்ல, அதனால வீட்டுல வலித் தைலம் தெளிச்சு பாக்கலாமான்னு கிளம்பிடாதீங்க.

ரெண்டாவது, காதல் வாசனை. 2,6-டைகுளோரோஃபீனால், 1972-ல ஒரு அமெரிக்க உண்ணில இருந்து பிரிச்சாங்க, அப்புறம் பாத்தா நிறைய உண்ணில அதே தான். ரத்தம் குடிச்சிட்டு இருக்கற பொட்டை இதை விடும், ஆண் தேடி வரும், கிட்ட வந்ததும் பொட்டையோட தோல் மேல இருக்கற கொலஸ்டெரில் ஒலியேட்ங்கற கொழுப்பை வச்சு "ஆமா, இவதான்"னு உறுதி பண்ணும். இதை வச்சு அமெரிக்காவுல குட்டி பிளாஸ்டிக் பாசிமணி செஞ்சு, அதுல காதல் வாசனை, கொழுப்பு, விஷம் மூணையும் ஏத்தி போலி பொட்டையா விலங்கு ரோமத்துல ஒட்ட வச்சாங்க, ஆணும் வந்து அந்தப் பாசிமணியைக் கட்டிப்பிடிச்சு செத்துச்சு. கேக்க சினிமா மாதிரி இருக்கு, ஆனா இந்த வகை உண்ணில ஆணுக்கு உடம்புல ரத்தம் ஏறினதுக்கு அப்புறம் தான் அந்த ஆசையே வரும், சுவத்துல பட்டினி கிடக்கறவனுக்கு காதல் வாசனை காட்டினா திரும்பிக்கூட பாக்க மாட்டான். அதனால சுவத்துக்கு இது உதவாது. அது மட்டும் இல்லாம ஆணைக் கொன்னு என்ன பண்றது, தப்பிச்ச ஒரே ஒரு ஆண் பல பொட்டையோட சேந்துடும்.

மூணாவது தான் நமக்கு வேண்டியது, கூடுற வாசனை. கீறல் வாயில வெள்ளையாவும் கருப்பாவும் புள்ளி புள்ளியா ஏதாவது ஒட்டிட்டு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, அது உண்ணியோட கழிவு. உண்ணிக்கு நம்மள மாதிரி யூரியா கிடையாது, குவானினா தான் வெளிய போகும். காசிமேட்டுல மீன் செதில் பளபளன்னு மின்னுதே, அந்த மினுக்கும் குவானின் தான். அலைஞ்சிட்டு இருக்கற உண்ணி கால் நுனில குவானின் பட்டுச்சுன்னா "ஏற்கெனவே நம்மாளுங்க இங்க இருந்திருக்காங்க, பாதுகாப்பான இடம்"னு அப்படியே நின்னுடும். கவனிங்க, தூரத்துல இருந்து இழுக்கறது இல்ல, வந்ததை நிறுத்தறது. மேல "உக்கார வைக்கணும்"னு சொன்னேன் இல்ல, அந்த வேலையை இது செய்யும். அமெரிக்காவுல குவானின், சாந்தின் மாதிரி சரக்கை பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லியோட சேத்து எண்ணெய்த் துளியா செடி மேல தெளிக்கற மாதிரி கருங்கால் உண்ணிக்கு ஒரு தயாரிப்பு பண்ணி காப்புரிமை கூட வாங்கினாங்க. நம்ம வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிலயே பத்து பன்னெண்டு வருஷம் முன்னாடி நாய் உண்ணிக்குன்னே கூடுற வாசனையையும் உண்ணிக்கொல்லியையும் சேத்து ஒரு கலவை தயாரிச்சு, லேப்லயும், நிஜமாவே உண்ணி இருக்கற இடத்துலயும் வச்சுப் பாத்து, உண்ணி அதுக்கு வருது, சாகுதுன்னு கட்டுரையா போட்டிருக்காங்க. 1903-ல ஆரம்பிச்ச காலேஜ், மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பாத்த இடம், அங்க இருந்து இப்படி ஒன்னு வந்தது எனக்கு கொஞ்சம் பெருமை தான், மறைக்க மாட்டேன்.

அப்ப ஏன் கடைக்கு வரலன்னு கேப்பீங்க. கட்டுரைக்கும் கடைக்கும் நடுவுல ஒரு காடு இருக்கு. வாசனைச் சரக்கு வாரக்கணக்குல மெல்ல மெல்ல வெளிய வரணும், சென்னை வெயில்லயும் புழுக்கத்துலயும் கெட்டுப்போகாம இருக்கணும், தூசி மூடினா கால் படாது, கால் படலன்னா வேலை செய்யாது. குழந்தை, பூனை நக்கினா பிரச்சினை ஆகக் கூடாது, பூச்சிக்கொல்லிங்கறதால பதிவு, அனுமதி எல்லாம் வேற. கூடவே கூடுற வாசனை சென்டிமீட்டர் கணக்குல தான் எட்டும், தென்னை வண்டுப் பொறி மாதிரி தோப்புக்கு ரெண்டு பக்கெட்னு முடியாது, கீறல் கீறலா வைக்கணும். இன்னொன்னு எதிர்ப்புச் சக்தி, பல வருஷமா டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மருந்துல குளிப்பாட்டி குளிப்பாட்டி மாட்டு உண்ணி நம்ம நாட்டுல நிறைய இடத்துல அதுக்கு பழகிப்போச்சு. அழகா வரவழைச்சு, வந்ததும் சாகலன்னா நாம விருந்து வச்ச மாதிரி ஆயிடும்.

அந்த எதிர்ப்புக்குப் பயந்து தான் சில பேர் விஷத்துக்குப் பதிலா பூஞ்சைக்குப் போனாங்க. மெட்டாரைசியம்னு ஒரு பச்சைப் பூஞ்சை, நம்ம ஊர் உரக்கடைல தென்னை காண்டாமிருக வண்டுக்கு பவுடரா விப்பான். கென்யால ஆம்ப்ளியோமா வாசனைப் பொறில இந்தப் பூஞ்சையை வச்சு சோதிச்சாங்க, ஜெர்மனில கார்பன் டை ஆக்சைடு விடற சரக்கோட பூஞ்சையைச் சேத்து அங்கத்து காட்டு உண்ணிக்கு முயற்சி பண்ணாங்க. என் ஈஸ்ட் பாட்டிலோட படிச்ச அண்ணன்னு வச்சுக்கோங்க. பூஞ்சைக்கு ஈரம் வேணும், நேர் வெயில் ஆகாது, அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடில அது பிழைக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல, ஐப்பசி கார்த்திகைல தோட்டத்து நிழல்ல வேணா ஒரு கை பாக்கலாம்.

ரோபோ கூட இருக்கு, விர்ஜீனியாவுல நாலு சக்கர வண்டி ஒன்னு கார்பன் டை ஆக்சைடு போட்ட பாதைல பெர்மெத்ரின் துணியை இழுத்துட்டு போகும், உண்ணி துணில தொத்தி சாகும், ஒரு மணி நேரத்துல பாதை சுத்தம், ஆனா மறுநாள் தாண்டினா பழையபடி. பார்க்க நல்லாருக்கும், அவ்வளவு தான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். போலி நாய் செய்யறதை விட்டுட்டு நிஜ நாயையே தூண்டிலா மாத்தினா என்ன? இது புது ஐடியா இல்ல. 1893-லயே அமெரிக்காவுல மாட்டுக் காய்ச்சலை உண்ணி தான் பரப்புதுன்னு நிரூபிச்சாங்க, 1906-ல இருந்து மாடுகளை மருந்துத் தொட்டில முக்கி முக்கி எடுத்து திரும்ப அதே மேய்ச்சல் நிலத்துல விட்டாங்க. மாடு போய் நிலத்துல இருக்கற உண்ணியை எல்லாம் தன் மேல ஏத்திக்கிட்டு வரும், திரும்ப முக்கு, திரும்ப விடு. வாக்குவம் கிளீனர் மாதிரி மாடு. 1943 வாக்குல மெக்சிகோ எல்லைல ஒரு ஓரம் தவிர நாடு முழுக்க அந்த உண்ணியே இல்லாம ஒழிச்சாங்க. வாசனைப் பொறி ஆராய்ச்சி அத்தனையும் சேந்து இதுவரைக்கும் சாதிக்காததை முக்கின மாடு சாதிச்சிருக்கு. அப்புறம் வந்த மான் தீவனத் தொட்டியும் இதே தத்துவம் தான், நடுவுல மக்காச்சோளம், நாலு மூலைல மருந்து தோய்ச்ச பெயிண்ட் ரோலர், மான் திங்க தலையை விட்டா கழுத்துல மருந்து தடவிக்கும். எலி கூடு கட்ட பஞ்சு பொறுக்கும்னு பெர்மெத்ரின் பஞ்சை குழாய்ல போட்டு வைக்கறதும் இருக்கு.

உங்க வீட்டுல அந்த மாடு யாருன்னா உங்க ரெண்டு நாயும் தான். இப்ப ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் மாதிரி மாத்திரை வந்திருக்கு, சிலது மாசம் ஒரு தடவை, சிலது மூணு மாசத்துக்கு ஒன்னு. நாய் ரத்தத்துல மருந்து இருக்கும், உண்ணி கடிச்சா ஒரு நாளுக்குள்ள சாகும். சுவத்துக் கீறல்ல பசியோட இருக்கற ஒவ்வொன்னும் என்னைக்காவது இறங்கி நாய் கிட்ட தான் வரணும், வேற கதி இல்ல, வந்தா செத்துச்சு. வாசனை, சூடு, மூச்சு எல்லாம் ஒரிஜினல். கரப்பான் ஜெல் கேட்டீங்களே, நாலு காலோட வால் ஆட்டிட்டு உங்க வாசல்லயே படுத்திருக்கு. இதுல ரெண்டு எச்சரிக்கை. கடிச்சதுக்கு அப்புறம் தான் சாகும்ங்கறதால எர்லிக்கியா கிருமி சில மணி நேரத்துலயே உள்ள போயிட வாய்ப்பு இருக்கு, அதான் பிளேட்லெட் இறங்கி மூக்குல ரத்தம் வருதே அந்த நோய், அதனால நாய் சோர்ந்தா ரத்த டெஸ்ட் எடுக்காம விடாதீங்க. ரெண்டாவது, வலிப்பு வந்த சரித்திரம் உள்ள நாய்னா டாக்டர் கிட்ட சொல்லுங்க, 2018-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இந்த வகை மருந்துக்கு அப்படி ஒரு எச்சரிக்கை விட்டிருக்கு.

நடுவுல ஒரு சுவாரஸ்யம், விரட்டற வாசனையும் உண்டு. பிரேசில்ல பாத்தாங்க, காக்கர் ஸ்பேனியல்னா உண்ணிக்கு கொண்டாட்டம், பீகிள் பக்கம் அவ்வளவா போகறதில்ல, ஏன்னு நோண்டினா பீகிள் உடம்புல இருந்து 2-ஹெக்ஸனோன், பென்ஸால்டிஹைடுனு ரெண்டு சரக்கு ஜாஸ்தியா வருது. ஸ்பேனியல் மேல அதைத் தடவி பீகிளா நடிக்க வச்சா உண்ணி குழம்புது. அதே பிரேசில்ல உண்ணி கம்மியா ஏறுதுன்னு கொண்டாடற நெலோர் மாடு யாருன்னு நினைக்கறீங்க, நம்ம பக்கத்து நெல்லூர், ஓங்கோல் மாட்டோட வம்சம். ஒரு பக்கம் விரட்டி இன்னொரு பக்கம் இழுத்துக் கொல்ற இந்த தள்ளு-இழு முறைக்கு தான் எதிர்காலம் இருக்கும்னு எனக்குத் தோணுது. வெறும் இழுக்கற டப்பா மேல எனக்குப் பெரிய நம்பிக்கை இல்ல.

தெரு நாய் பத்தியும் சொல்லணும், நீங்க எவ்வளவு சுத்தம் பண்ணாலும் கேட் கிட்ட வந்து படுக்கற நாய் மேல இருந்து புதுசு வந்துட்டே இருக்கும். மாநகராட்சி 2024-ல எடுத்த கணக்குப்படி சென்னைல கிட்டத்தட்ட 1.8 லட்சம் தெரு நாய். அத்தனைக்கும் மாத்திரை கொடுக்க யார் கிட்ட காசு இருக்கு. ஆனா உங்க தெருவுல இருக்கற நாலஞ்சுக்கு, நாலு வீடு சேந்தா முடியும். அரிசோனால பழங்குடி ஊர்ல நாய் உண்ணியால மனுஷங்களுக்கு புள்ளிக் காய்ச்சல் வந்து செத்தாங்க, அங்க ஊர் நாய் எல்லாத்துக்கும் மருந்துப் பட்டை கட்டி, வீட்டைச் சுத்தி மருந்தடிச்சு, நாய் மேல உண்ணி பாக்கறதே அபூர்வம்ங்கற நிலைக்கு கொண்டு வந்தாங்க. தனித்தனி வீடா பண்ணியிருந்தா நடந்திருக்காது.

மனுஷங்களுக்கு வர்றது பத்தி ஒரு குழப்பத்தைத் தெளிவு பண்ணிடறேன், நீங்க "உண்ணிக் காய்ச்சல் பரவுதுன்னு நியூஸ்ல போட்டாங்க, பயமா இருக்கு"ன்னு எழுதியிருந்தீங்க. பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போடறது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ், அது உங்க நாய் உண்ணியால வராது, புதர்ல இருக்கற கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் குஞ்சு கடிச்சு வரது, கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கும். அதுக்கு நாய்க்கு மாத்திரை கொடுத்து பிரயோஜனம் இல்ல. நாய் உண்ணியால வரக்கூடியது இந்திய உண்ணி டைபஸ், அது வேற கிருமி, உண்ணி கடிச்சு சில நாள்ல காய்ச்சலும் உள்ளங்கை வரைக்கும் தடிப்பும். ரெண்டுலயும் டாக்டர் கிட்ட "வீட்டுல உண்ணி இருக்கு", "புதர்ல வேலை பாத்தேன்"னு வாயைத் திறந்து சொல்லுங்க, சரியான சமயத்துல டாக்ஸிசைக்ளின் கொடுத்தா கேக்கும், சொல்லலன்னா டெங்குன்னு நினைச்சு நாள் போயிடும். கர்நாடகால 1957-ல கண்டுபிடிச்ச குரங்குக் காய்ச்சல் மூணாவது கதை, அது மலைக்காட்டு உண்ணி, அங்க குரங்கு செத்த இடத்தைச் சுத்தி மருந்து தூவறதும் காட்டுக்குப் போறவங்க டீபாங்கற உண்ணி விரட்டற எண்ணெய் தடவறதும் தான் வழி, மடிப்பாக்கத்துக்கு சம்பந்தம் இல்ல.

உங்க வீட்டுக்கு நான் சொல்றது: ரெண்டு நாய்க்கும் ஒரே நாள்ல மாத்திரை, எடை போட்டு, டாக்டர் சொன்ன அளவு, குறைஞ்சது ஆறு மாசம் விடாம. "உண்ணியே காணோம்"னு ரெண்டாவது மாசத்துல நிறுத்தறது தான் எல்லாரும் பண்ற தப்பு, கீறல்ல இருக்கறது பொறுமைசாலி. கீறலை எல்லாம் வெள்ளை சிமென்ட் வச்சு அடைங்க, ஸ்விட்ச் போர்டு ஓரம், படிக்கட்டு அடி, நாய் படுக்கற இடத்துக்கு மேல கூரை மூலை இதெல்லாம் முக்கியம், உண்ணி மேல ஏறும்ங்கறதை மறந்துடாதீங்க. நாய் படுக்கையை வாரம் ஒரு தடவை கொதிக்கற தண்ணில. கண்ணுல பட்ட உண்ணியை நசுக்காதீங்க, சோப்புத் தண்ணி பாட்டில்ல போடுங்க, நாய் மேல ஒட்டியிருந்தா இடுக்கியால தோல் ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். என் ஈஸ்ட் பாட்டிலையும் செஞ்சு வைக்கலாம், உண்ணியை ஒழிக்க இல்ல, கணக்கு பாக்க. மாசம் ஒரு நாள் நாயை வேற ரூம்ல கட்டிட்டு மூணு மணி நேரம் வைங்க, ஒட்டினதை எண்ணி காலண்டர்ல எழுதுங்க, எண்ணிக்கை இறங்கிட்டே வந்தா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம், இறங்கலன்னா எங்கயோ ஒரு கீறலோ ஒரு நாயோ விட்டுப்போயிருக்கு.

கடைசில பூனை. நாய்க்கு வாங்கின எதையும் அது மேல போடாதீங்க. பெர்மெத்ரின் பூனைக்கு ஆகவே ஆகாது, நாய்க்கு ஊத்தற சொட்டு மருந்து பூனை மேல பட்டு வலிப்போட தூக்கிட்டு வந்த கேஸ் என் டேபிள்ல பாத்திருக்கேன், அமிட்ராஸ்ங்கற உண்ணி மருந்தும் அப்படித்தான். பெஸ்ட் கண்ட்ரோல் ஆளுங்களை திரும்பக் கூப்பிட்டா என்ன மருந்துன்னு பேர் கேட்டு எழுதி வாங்கிட்டு, காயற வரைக்கும் பூனையை மாடி ரூம்ல பூட்டி வைங்க.